விழுங்கிய ஒளி எங்கே போனது?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

'தொலைதூர விண்மீன் மண்டலங்களை விண்தூசி மறைக்கிறதா, காட்டுகிறதா?' இதுதான் இன்றைய வழக்கு. எதிரணித் தலைவர் தூசியைத் திரை என்றார். 1785இல் வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல் விண்மீன்களை எண்ணிப் பார்த்துவிட்டு, பால்வெளியின் நடுப்பகுதிக்கு அருகே நாம் இருக்கிறோம் என்று ஏமாந்ததைச் சொன்னார். பால்வெளி மையத்திலிருந்து புறப்படும் கண்ணுறு ஒளியில் லட்சம் கோடியில் ஒரு பங்குதான் நம்மிடம் வந்து சேர்கிறது என்றார். இரண்டும் உண்மை, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் ஐயா, அவர் வரவை மட்டும் படித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். விழுங்கிய ஒளியைத் தூசி என்ன செய்தது? செலவுக் கணக்கை நான் படிக்கிறேன்.

சிலிக்கேட்டும் கரியுமாக, புகைத்துகள் அளவில் மிதப்பவை இந்தத் துகள்கள். இளம் விண்மீன்களின் நீல ஒளியும் புற ஊதாக் கதிரும் பட்டதும் இவை சூடேறுகின்றன. சூடு என்றால் பெரிய சூடில்லை. சுழியத்துக்குக் கீழே 240 டிகிரி செல்சியஸ் வாக்கில்தான். அந்தக் கொஞ்ச வெப்பத்திலேயே, வாங்கியதை அகச்சிவப்புக் கதிராகத் திருப்பித் தந்துவிடுகின்றன. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது. ஆற்றலைத் தூசியில் மறைக்க முடியாது! பிரபஞ்சம் தோன்றியதிலிருந்து விண்மீன்கள் உமிழ்ந்த ஒளியாற்றலில் ஏறத்தாழப் பாதி இப்படித் தூசியின் கைமாறித்தான் உலவுகிறது. தூசியின் ஒளியைப் பார்க்க மறுத்தால், விண்மீன் பிறப்பின் வரலாற்றில் பாதியை நாமே கிழித்துப் போடுகிறோம்.

இனி என் வாதத்தின் உயிர்நாடிக்கு வருகிறேன். எந்த விளக்கும் தள்ளிப் போனால் மங்கும். தூசியின் ஒளி மட்டும் ஓர் அதிசயம் செய்கிறது. அது புறப்படும்போது 100 மைக்ரோமீட்டர் அலைநீளத்தின் அருகே உச்சத்தில் இருக்கும். பிரபஞ்சம் விரிவதால் வழியில் அலை நீள்கிறது. மண்டலம் எவ்வளவு தொலைவோ அவ்வளவு நீட்சி. ஆகவே 850 மைக்ரோமீட்டரில் கேட்கும் கருவியை நோக்கி அந்த உச்சம் நெருங்கி வருகிறது. தூரம் பறித்ததை நீட்சி ஈடுகட்டுகிறது. ஒரே ஆற்றலுள்ள இரு மண்டலங்களில் ஒன்று பல நூறு கோடி ஒளியாண்டு கூடுதல் தொலைவில் இருந்தாலும், அந்த அலைநீளத்தில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே பிரகாசம்! விண்மீன்களின் நேரடி ஒளிக்கு இந்த வரம் இல்லை.

சான்று கேட்பீர்கள். 1995 டிசம்பரில் ஹபிள் தொலைநோக்கி வானத்தின் ஒரு சிறு துண்டைப் பத்து நாள் உற்றுப் பார்த்தது. ஏறக்குறைய மூவாயிரம் மண்டலங்கள் தெரிந்தன. 1998இல் அதே துண்டை, ஹவாயின் மௌனா கேயா மலையிலிருந்து ஸ்கூபா என்ற கருவி 850 மைக்ரோமீட்டரில் பார்த்தது. அங்கே எல்லாவற்றிலும் பிரகாசமாக ஒன்று எரிந்தது. எச்.டி.எஃப். 850.1 என்று பெயரிட்டார்கள். ஹபிள் படத்தில் அந்த இடத்தில் அதற்குரிய மண்டலத்தைக் காணோம்.

அதன் தொலைவை அளக்க 2012 வரை ஆனது. பிரபஞ்சத்துக்கு வயது 110 கோடி ஆண்டுகளே ஆகியிருந்தபோது கிளம்பிய ஒளி அது. எதிரணியினரே, அந்த மண்டலம் அங்கே இருக்கிறது என்று முதலில் நமக்குச் சொன்னது யார்? அதன் தூசி!