குபேர்: கோர்ட் குமாஸ்தா நாற்காலியிலிருந்து முதலமைச்சர் நாற்காலி வரை

(திரையில்: பாண்டிச்சேரி கடற்கரைச் சாலை, காலை நேரம். வாக்கிங் போகிறவர்கள், பின்னால் வெள்ளை மேரி (நகராட்சி அலுவலகம்) கட்டடம்.)

வணக்கம். இந்தச் சாலைக்கு அரசாங்கப் பேர் குபேர் அவென்யூ. நேரு வீதியில் நாம் பெரிய மார்க்கெட் என்று சொல்கிற இடத்துக்கு போர்டில் இருக்கிற பேர் குபேர் அங்காடி. அவர் யார் என்று கேட்டால் பலரும் "யாரோ பிரெஞ்சுக்காரர்" என்பார்கள். பாதி சரி. எதுவார் குபேர் 1894 ஜூலை 29 அன்று இங்கே பாண்டிச்சேரியில் பிறந்தவர். அப்பா பிரெஞ்சு வழி, அம்மா கலப்பு வழி. நம்மூரில் கிரெயோல் என்று சொல்வோமே, அந்தக் குடும்பம்.

பிரெஞ்சு ஆட்சிக்குப் பெரிய தூணாக இருந்தவர், அதே ஆட்சியை ஊரை விட்டுக் கிளப்பியவர்களில் ஒருவர், பிறகு யூனியன் பிரதேசத்தின் முதல் முதலமைச்சர். மூன்றுமே ஒரே ஆள்தான். எப்படி என்று பார்ப்போம்.

(திரையில்: பழைய கோர்ட் பதிவேடு, மைப்பேனா, முத்திரை.)

அரசியலுக்கு வரும் முன் குபேர் அரசு ஊழியர். கோர்ட்டில் கிரெஃபியே, அதாவது கோர்ட் குமாஸ்தா. வழக்குப் பதிவுகள், தீர்ப்பு நகல்கள், எந்தக் காகிதம் எங்கே இருக்கிறது என்ற கணக்கு, எல்லாம் கிரெஃபியே கையில். நீதிபதி பாரிஸிலிருந்து வருவார், மாற்றலாகிப் போவார். கிரெஃபியே அங்கேயே இருப்பார். யாருக்கு யாரோடு நிலத்தகராறு, எந்த மிராசுதாருக்கு எங்கே இடிக்கிறது என்பது அந்த மேஜைக்கு வந்துதான் போகும். அவர் மேடைப் பேச்சால் வளர்ந்தவர் இல்லை என்பது என் கணிப்பு. பிரெஞ்சு நிர்வாகம் எந்தக் கையெழுத்தில் நகரும் என்று தெரிந்தவர், அதை வைத்தே வளர்ந்தவர்.

அந்தக் கையெழுத்து யாருடையது? மேருடையது. மேர் என்றால் நகராட்சித் தலைவர், அவர் அலுவலகம் மேரி.

(திரையில்: வரைபடம். கொம்யூன்கள் ஒவ்வொன்றாக நிறம் மாறுகின்றன.)

1880லேயே பிரெஞ்சுக்காரர்கள் இங்கே கொம்யூன் முறையை, அதாவது நகராட்சி முறையை, கொண்டுவந்துவிட்டார்கள். உழவர்கரை, வில்லியனூர், பாகூர், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மேர். இன்றைக்கும் நாம் கொம்யூன் பஞ்சாயத்து என்று சொல்வது அதன் மிச்சம். பிறப்பு, இறப்பு, கல்யாணப் பதிவு மேரியில். வாக்காளர் பட்டியல் மேரியில். தேர்தல் நாளில் வாக்குச்சாவடியை நடத்துவதும் மேர் ஆட்களே. யோசித்துப் பாருங்கள், போட்டியிடும் கட்சிக்காரரே பூத் அதிகாரி! மாஹேயில் 1948 அக்டோபரில் ஜனங்கள் திரண்டு போய் மேரிக்குள் புகுந்ததற்குக் காரணமே வாக்காளர் அட்டைதான். இந்தியாவோடு இணைப்பு கேட்கிறவர்களுக்கு அட்டை கிடைக்கவில்லை என்ற ஆத்திரம்.

இந்த மேரிகளைத்தான் குபேர் கைக்குள் கொண்டுவந்தார். 1947 ஜூலையில் பிரெஞ்சிந்திய சோஷலிஸ்ட் கட்சி. பேரில் இருக்கிற சோஷலிசத்தை ரொம்பத் தேட வேண்டாம். உள்ளே இருந்தது மேர்களும் ஊர்ப் பெரிய தலைகளும் சேர்ந்த கூட்டணி. எதிரில் மில் தொழிலாளிகளைத் திரட்டிய வ. சுப்பையாவின் கம்யூனிஸ்ட்டுகள், இன்னொரு பக்கம் இணைப்பு கேட்ட காங்கிரஸ்காரர்கள்.

1948 ஜூனில் இந்தியாவும் பிரான்சும் ஓர் ஒப்பந்தம் போட்டன. பிரெஞ்சு ஊர்களின் எதிர்காலத்தை மக்களே வாக்களித்து முடிவு செய்யட்டும், ஆனால் எப்போது, எப்படி என்பதை நகராட்சி மன்றங்கள் தீர்மானிக்கட்டும் என்று. அதாவது சாவி மேர்களிடம். அக்டோபரில் நகராட்சித் தேர்தல் வந்தது, பாண்டிச்சேரியில் சோஷலிஸ்ட்டுகள் வாரிக்கொண்டு போனார்கள். மறுவருஷம் வங்காளத்தில் இருந்த பிரெஞ்சு ஊரான சந்திரநாகூரில் வாக்கெடுப்பு நடந்தது: இந்தியாவோடு சேர 7,473 வாக்குகள், எதிராக 114. இங்கேயும் அப்படி நடந்துவிட்டால்? பாண்டிச்சேரியில் மக்கள் வாக்கெடுப்பு நடக்கவே இல்லை.

(திரையில்: பாரிஸ் நாடாளுமன்றக் கட்டடம்.)

1951ல் பிரெஞ்சு நாடாளுமன்றத் தேர்தல். பிரெஞ்சிந்தியா முழுமைக்கும் ஒரே ஒரு எம்.பி. இடம். குபேருக்கு விழுந்தது பதிவான வாக்குகளில் 99 சதவீதத்துக்கும் மேல். எந்த ஊரில் எந்த மகானுக்கு இப்படி விழும்? அதே வருஷம் நடுநிலைப் பார்வையாளர்கள் வந்து பார்த்துவிட்டு, இங்கே நேர்மையான வாக்கெடுப்பு நடத்தும் நிலைமை இல்லை என்று அறிக்கை கொடுத்தார்கள். அந்தக் காலத்துத் தெருக்களில் இணைப்புக்காரர்களும் கம்யூனிஸ்ட்டுகளும் வாங்கிய அடி கொஞ்சமல்ல. சுப்பையாவின் வீடே கொளுத்தப்பட்டது. குபேர் பேரில் சாலை இருக்கிறது என்பதற்காக இதைச் சொல்லாமல் தாண்ட முடியாது.

இப்போது காசு விஷயம். 1949ல் சுங்க உடன்பாடு முறிந்ததும் இந்தியா எல்லையில் சுங்கச் சாவடி போட்டது. பாண்டிச்சேரித் துறைமுகத்தில் தங்கம், வைரம், கடிகாரம் இறங்கும். ஊரில் இருக்கிற கையளவு ஜனம் வாங்கித் தீர்க்கிற சரக்கா அது? ராத்திரியோடு ராத்திரியாக வேலி தாண்டிவிடும். அதில் பலர் செழித்தார்கள். 1953 வாக்கில் பாரிஸ் பக்கமிருந்து நிர்வாக ஊழல், கணக்கு வழக்கு என்று கிளற ஆரம்பித்தார்கள். இந்தியாவோ பெர்மிட் கெடுபிடியை இறுக்கியது. இரண்டு பக்கமும் நெருக்கடி.

(திரையில்: 1954 மார்ச் காலண்டர்.)

1954 மார்ச் 18. பாண்டிச்சேரி மேரும் சுற்றியுள்ள கொம்யூன் மேர்களும் தீர்மானம் போடுகிறார்கள்: வாக்கெடுப்பு எதுவும் வேண்டாம், உடனே இந்தியாவோடு சேர்த்துவிடுங்கள். நேற்றுவரை பிரான்சைத் தாங்கிப் பிடித்த அதே ஆட்கள்! முன்னால் நிற்பவர் குபேர். மனம் மாறினாரா, காற்று மாறியதைப் பார்த்தாரா? எனக்கு இரண்டாவதுதான் தோன்றுகிறது.

அடுத்து அவர் போன இடத்தைப் பாருங்கள். நெட்டப்பாக்கம். ஏன் நெட்டப்பாக்கம்? புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் பஸ் ஏறுங்கள். வில்லியனூர், அரியூர் வரை நம்ம எல்லை. கண்டமங்கலம் வந்தால் தமிழ்நாடு. திருவண்டார்கோயில், திருபுவனை, மதகடிப்பட்டு மறுபடியும் நம்ம எல்லை. அதைத் தாண்டினால் திரும்பவும் தமிழ்நாடு. சாராயக்கடை போர்டு வந்து வந்து போவதை வைத்தே எந்த ஊரில் இருக்கிறோம் என்று சொல்லிவிடலாம். மதகடிப்பட்டுக்குத் தெற்கே நெட்டப்பாக்கம், அதுவும் இப்படி ஒரு துண்டு நிலம். சுற்றிலும் இந்தியா. பாண்டிச்சேரியிலிருந்து பிரெஞ்சு போலீஸ் அங்கே போக வேண்டுமென்றால் இந்திய மண் வழியாகத்தான் போக வேண்டும். இந்தியா விடுமா?

மார்ச் 31 அன்று அங்கே போலீஸ் ஸ்டேஷன் கைமாறியது, மூவர்ணக் கொடி ஏறியது, குபேர் தலைமையில் தற்காலிக அரசு. இன்னொரு முனையில் சுப்பையா, எல்லைக்கு அப்பால் இந்தியப் பக்கம் இருந்த கோட்டக்குப்பத்திலிருந்து தன் ஆட்களோடு. முன்னாள் கிரெஃபியேயும் கம்யூனிஸ்ட் தலைவரும் ஒரே சமயத்தில் பிரான்சை எதிர்க்க வேண்டி வந்தது, ஆனால் கைகோத்துக்கொள்ளவில்லை.

(திரையில்: கீழூர் நினைவுத்தூண்.)

அக்டோபர் 18, கீழூர். இந்தியாவோடு இணைவதா என்று இங்கே வாக்கெடுப்பு. வாக்களித்தவர்கள் பொதுமக்கள் இல்லை. பிரதிநிதி சபை உறுப்பினர்களும் நகராட்சி உறுப்பினர்களுமாக 178 பேர். இணைப்புக்கு 170, எதிராக 8. அந்தப் பட்டியலில் பெரும்பாலோர் எந்தத் தேர்தல் முறையில் வந்தவர்கள் என்று இதற்குள் உங்களுக்குத் தெரியும். குபேரின் கட்சிக்கு அள்ளிக் கொடுத்த அதே மேரி முறைதான் பாண்டிச்சேரியை இந்தியாவிடமும் ஒப்படைத்தது. நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. தலைமை ஆணையராகப் பொறுப்பேற்ற கேவல் சிங் ஐ.சி.எஸ். அதிகாரி. சட்டப்படி முழுசாகக் கைமாற 1962 ஆகஸ்ட் 16 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, பாரிஸ் அதுவரை ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் கொடுக்கவில்லை.

குபேர் காங்கிரஸில் சேர்ந்தார். வருஷக்கணக்காக உதை வாங்கிய பழைய காங்கிரஸ்காரர்களுக்கு அவர் பக்கத்தில் உட்கார எப்படி இருந்திருக்கும்! ஆனால் மேர் நாற்காலியும் செல்வாக்கும் அவரிடம்தான் இருந்தன. 1963 ஜூலை 1 அன்று பிரதிநிதி சபை சட்டமன்றமாக மாறியது, குபேர் முதலமைச்சர். அப்போது வயது கிட்டத்தட்ட 69.

பதவி 14 மாதம் நீடித்தது. 1964ல் முதல் சட்டமன்றத் தேர்தல், இந்தியத் தேர்தல் ஆணையம் நடத்தியது. இனி பூத்துக்கு உள்ளே மேர் அதிகாரி கிடையாது. 30 இடத்தில் காங்கிரஸுக்கு 22 கிடைத்தும் செப்டம்பரில் முதலமைச்சரானவர் வெங்கடசுப்பா ரெட்டியார். 1967ல் பாரூக் முதலமைச்சராக வந்தார், அடுத்த தலைமுறை ஆரம்பம். குபேர் 1979 ஆகஸ்ட் 14 அன்று காலமானார்.

மேர் என்ற பதவியும் நிலைக்கவில்லை. 1968க்குப் பிறகு புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006ல்தான், 38 வருஷம் கழித்து. நடுவில் மேரி வேலையெல்லாம் அதிகாரிகள் பார்த்தார்கள். பழைய மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. ஆரம்பத்தில் நீங்கள் பார்த்தது 2021ல் திறந்த புதுசு, பழைய அச்சிலேயே கட்டியது.

சுப்பையா பக்கத்துக் கதையை இதில் வேகமாகத் தாண்டிவிட்டேன். அதற்குத் தனி வீடியோ வருகிறது, 1936 ஜூலை 30 மில் துப்பாக்கிச் சூட்டிலிருந்து ஆரம்பிப்போம். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது குபேர் காலத்து எலெக்‌ஷனைப் பார்த்திருந்தால் கேட்டு எழுதி அனுப்புங்கள்.