நாள் குறிக்காமல் வருபவை

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். சிறு பிள்ளைகளோடு வாழும் வாழ்வில் பெரிதும் மனநிறைவு தருவன நாள் குறித்து நடத்தும் விழாக்களா, நாள் குறிக்காமல் நேரும் அன்றாட நிகழ்வுகளா என்பது இன்றைய தலைப்பு. அன்றாட நிகழ்வுகளே என்று வாதிட வந்திருக்கிறேன்.

பெயர்சூட்டு விழாவும் காதுகுத்தும் முதல் பிறந்தநாளும் இல்லையேல் சுற்றம் ஒன்றுகூடாது என்றார், எனக்கு முன் பேசிய எதிரணித் தோழியார். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பிறந்தநாள் மண்டபத்தில் குழந்தையின் நிலை என்ன? கழுத்தை உறுத்தும் சரிகைச் சட்டையோடு கைமாறிக் கைமாறி, ஒளிப்படக்காரரின் விளக்கில் கண் கூசி, கேக் வெட்டும் நேரத்துக்குள் அழுது களைத்து உறங்கிப்போகிறது. மூன்று வயதுக்கு முன் நடந்தவை வளர்ந்தபின் பெரும்பாலோர் நினைவில் நிற்பதில்லை; எனவே அந்த நாளை நினைவில் சுமக்க வேண்டியவர்கள் பெற்றோராகிய நாம்தாம். நாமோ அன்று முழுவதும் பந்தியைக் கவனித்துக்கொண்டிருந்தோம்.

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்களின் பத்துப் பருவங்களை எண்ணிப் பாருங்கள். தெய்வங்களை வேண்டும் காப்புப் பருவம் முடிந்ததும், செங்கீரையில் குழந்தை கைகளை ஊன்றித் தலை நிமிர்ந்து ஆடுகிறது, சப்பாணியில் கைகொட்டுகிறது, வருகையில் தளர்நடையிட்டு வருகிறது, அம்புலியில் நிலவையே விளையாட அழைத்துத் தருகிறார்கள். பாட்டுடைத் தலைவன் முருகனே ஆனாலும் புலவர் பாடியது அவன் கைகொட்டியதைத்தான்.

துணையின்றி நடப்பது 8 மாதம் கடந்தது முதல் 17 மாதம் கடந்தும் எப்போது வேண்டுமானாலும் நிகழலாம் என்கிறது உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வு. எந்தப் பஞ்சாங்கம் இதற்கு முகூர்த்தம் குறிக்கும்? குழந்தை வாசற்படி தாண்டினால் அன்றைக்கே கொழுக்கட்டை அவிக்கும் வழக்கம் நம் வீடுகள் சிலவற்றில் இன்றும் உண்டு. அழைப்பிதழ் அச்சிடாமல், அடுப்படியில் அரிசி மாவு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக் கொண்டாடிய அந்தப் பாட்டிமார் எங்கள் அணியினர் என்றே கருதுகிறேன்.

சென்ற கோடையில் நாங்கள் மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு மலை இரயிலில் சென்றோம். 46 கிலோமீட்டர், 208 வளைவுகள், 16 குகைகள், 2005 இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம் என்றெல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். (பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் வாய்ப்பைத் தகப்பன்மார் எளிதில் விடுவதில்லை.) நான் பல்சக்கரத் தண்டவாளத்தின் சிறப்பை விளக்கத் தொடங்கிய இடத்தில் ஆறு வயது மகன் உறங்கிவிட்டான். வழியில் நீராவி எஞ்சின் தண்ணீர் பிடிக்க நின்ற இடத்தில் விழித்தவன், "அப்பா, ரயிலுக்கும் தாகம் எடுக்குமா?" என்று கேட்டு, அது புறப்படும்வரை அந்தக் குழாயை விட்டு விழியெடுக்கவில்லை. வீடு திரும்பிய நாள் முதல், தன் பொம்மை இரயிலுக்கு இரவுதோறும் ஒரு மூடித் தண்ணீர் வைத்துவிட்டுத்தான் படுக்கிறான். நான் திட்டமிட்டவற்றில் ஒன்றும் அவனிடம் தங்கவில்லை. தங்கிய ஒன்று என் திட்டத்திலேயே இல்லை.

தாய்மாமன் மடியில் நடக்கும் காதுகுத்தை எதிரணியினர் உருக்கமாக வருணித்தார்கள். என் அக்காள் மகளுக்கு நானே தாய்மாமன். சீர்வரிசைத் தட்டு எத்தனை என்பது எனக்கு மறந்துவிட்டது. வலியில் அவள் என் சட்டைப் பொத்தானைப் பற்றிக்கொண்டு, அழுகை ஓய்ந்த பின்னும் விடாமல் உறங்கியது மறக்கவில்லை. விழாவிலிருந்து கூட நான் எடுத்துவந்தது விழா நிரலில் இல்லாததைத்தான், நடுவர் அவர்களே.

மணி அடித்துவிட்டது. இறுதியாக ஒரு வேண்டுகோள். மகனுக்குக் கீழ்வரிசை முன்பல் ஒன்று மூன்று நாளாக ஆடிக்கொண்டிருக்கிறது. விழுந்தால் சாணத்தில் பொதிந்து கூரைமேல் எறிய வேண்டும் என்று என் தாயார் சொல்லியிருக்கிறார். அடுக்ககத்தில் கூரைக்கு எங்கே போவது என்று அவன் கவலையில் இருக்கிறான். ஆகவே தங்கள் தீர்ப்பைத் தொலைபேசியில் கேட்டுக்கொள்கிறேன். இப்போதே வீட்டுக்குப் புறப்பட அனுமதி தாருங்கள்.