நாலு அங்குலக் குழாயும் நாளிதழ்த் தாளும்

வணக்கம் நேயர்களே. நான் பட்டர்வொர்த்தில் குழாய் வேலை செய்கிறவன். எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசுங்கள் என்றார்கள். சரி, பிளாஸ்டிக் கழிவுநீர்க் குழாயை எதை வைத்து அறுப்பது என்று பேசலாமே என வந்துவிட்டேன்.

ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய கடைவீடு, சிங்க் தண்ணீர் இறங்கவில்லை என்று கூப்பிட்டார்கள். கழற்றிப் பார்த்தால் குழாயின் வாயைச் சுற்றி உள்பக்கம் பிளாஸ்டிக் பிசிர், சுருள் சுருளாக. அதில் முடி, முடியில் எண்ணெய்ப் பிசுக்கு, பிசுக்கில் சோறு. முன்பு யாரோ கிரைண்டரால், அதாவது தட்டு சுழன்று அறுக்கும் மின்கருவியால், அறுத்துவிட்டு அப்படியே சொருகியிருக்கிறார்கள்.

நம் ஆட்களுக்கு கிரைண்டர் மேல் தனி மோகம். இரும்புக்கு அது ராஜா, பிவிசி பிளாஸ்டிக் குழாய்க்கு வேண்டாம். சூட்டில் குழாய் உருகி ஓரத்தில் கட்டிதட்டும், கோடும் கோணலாகும், அந்தக் காரமான புகை ஹைட்ரஜன் குளோரைடு, தொண்டையைப் பிடிக்கும்.

சின்னக் குழாய்க்கு ராட்செட் கத்தரி, அதாவது பிடியை அமுக்க அமுக்கப் படிப்படியாக இறுகும் கத்தரி நல்லது, நறுக்கென்று தூள் இல்லாமல் வெட்டும். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஒன்றரை அங்குலம் என்றால் 38 மில்லிமீட்டர்தானே என்று கணக்குப் போட்டு 42 வரை பிடிக்கும் கத்தரியை வாங்கினால் குழாய் அதன் வாயில் நுழையாது. குழாயின் பெயரில் சொல்லும் அளவு வேறு, வெளிவிட்டம் வேறு. கடைக்குப் போகும்போது ஒரு துண்டுக் குழாயைக் கையோடு எடுத்துப் போங்கள். வெயிலில் பல வருடம் கிடந்த குழாயில் கத்தரி வைக்காதீர்கள், விரிசல் விட்டுவிடும். அதற்கு ரம்பம்தான்.

நாலு அங்குலக் குழாய்க்கு வந்தால் நான் எடுப்பது பொடிப்பல் கைரம்பம். ஹேக்சா, அதாவது இரும்பறுக்கும் சட்டரம்பம் போதாதா என்று கேட்பார்கள், போதும், அங்குலத்துக்கு 18 இல்லை 24 பல் உள்ள பிளேடு நன்றாகவே அறுக்கும், ஆனால் அதன் சட்டம் பாதி வழியில் குழாயில் முட்டும், அதனால் ஒரேயடியாக இறக்காமல் குழாயைத் திருப்பித் திருப்பி கோட்டோடு சுற்றி வரவேண்டும்.

கோடு என்றேனே, ரம்பத்தைவிட அதுதான் முக்கியம். நேரான ஓரமுள்ள தாளைக் குழாயில் சுற்றி, ஓரம் ஓரத்தோடு சரியாகச் சேருகிறதா பார்த்து, பேனாவால் சுற்றிலும் கோடு போடுங்கள். ஏ4 தாள் பற்றாது. குழாயின் வெளிவிட்டம் 110 மில்லிமீட்டர், சுற்றளவு 345 வரும், தாளின் நீளம் 297தான். நான் நேற்றைய தமிழ் நாளிதழில் ஒரு தாளை உருவிக்கொள்வேன், வீட்டுக்காரர் படித்து முடித்தாரா என்று கேட்டுவிட்டுத்தான். அளக்கும்போது சாக்கெட்டுக்குள், அதாவது இணைப்பின் வாய்க்குள் போகிற நீளத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சுவரோரம் ரம்பம் ஆட இடமில்லையா? முறுக்கிய நைலான் கயிற்றைக் குழாய்க்குப் பின்னால் நுழைத்து இரண்டு கையாலும் மாறி மாறி வேகமாக இழுங்கள், உராய்வுச் சூட்டிலேயே அறுந்துவிடும். ஓரம் அசிங்கமாகத்தான் இருக்கும், அப்புறம் அரத்தால் ராவிக்கொள்ளலாம். தரைமட்டத்தோடு வெட்டவேண்டுமானால் டிரில்லில் மாட்டி உள்ளே இறக்கும் சின்ன வட்டரம்பம் கிடைக்கிறது, எனக்கு அது வருடத்துக்கு ஒரு தடவைகூட வேலைப்படாது.

எதால் அறுத்தாலும் உள்பக்கப் பிசிரைக் கத்தியால் சுரண்டிவிடுங்கள். ரப்பர் வளையத்தில் சொருகுகிற குழாய் என்றால் வெளி ஓரத்தையும் அரத்தால் கொஞ்சம் சாய்த்து, சோப்புத் தண்ணீர் தடவுங்கள். அந்தச் சாய்வு இல்லாவிட்டால் வளையம் மடங்கிக் கசியும்.

இன்னொன்று. நிற்கிற குழாயை அறுக்குமுன் வாயில் பழந்துணி அடைப்பேன், தூள் கீழே இறங்காமல் இருக்க. அந்தத் துணியின் ஒரு முனை எப்போதும் வெளியே தொங்கவேண்டும். ஒருமுறை தொங்கவிடவில்லை. மூன்றாம் நாள் அதே வீட்டுக்கு, காசு வாங்காமல், துணியை எடுக்கப் போனேன்.