டெக் நியூஸ் எங்க படிக்கிறது? ஹேக்கர் நியூஸா, ரெடிட்டா, வேற எதாச்சுமா?

வணக்கம் மக்களே. போன வீடியோக்கு கீழ வியாசர்பாடி தம்பி ஒருத்தர் கேட்டிருந்தாரு, அண்ணா டெக் நியூஸ் எங்க படிக்கிறீங்கனு. நான் தண்டையார்பேட்டைல மெட்ரோ ஏறுனா கிண்டி போற வரைக்கும் ஹேக்கர் நியூஸ்தான் (டெக் லிங்க்க போட்டு கீழ கமென்ட்ல பேசிக்கிற சைட்டு), அதுலயும் நியூஸ விட கமென்ட்டத்தான் மொதல்ல படிச்சிக்கினே போவேன்.

ஏன்னு சொல்றேன். 2024 மார்ச் 29, ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட்னு ஒரு இன்ஜினியர், எஸ்எஸ்ஹெச் (தூரத்துல இருக்குற கம்ப்யூட்டருக்குள்ள போற வழி) லாகின் அரை செகண்ட் லேட்டாவுதேனு நோண்டப் போயி, எக்ஸ்இசட்-ங்கிற, ஃபைல சுருக்குற கம்ப்ரஷன் டூலுக்குள்ள யாரோ பேக்டோர், அதாவது திருட்டு வழி, வெச்சிருக்கத கண்டுபுடிச்சாரு. ஹேக்கர் நியூஸ்ல அதப் பத்துன த்ரெட்ட (கமென்ட் வரிசைய) தொறந்தா, அந்த எக்ஸ்இசட்ட ஃபெடோராங்கிற லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்துல சேக்கச் சொல்லி, பேக்டோர் வெச்ச ஆளு வாரக்கணக்கா என்கிட்ட பேசிக்கினு இருந்தான்னு, ஃபெடோரா பக்கம் வேல பாக்குறவரே வந்து எழுதியிருக்காரு! சம்பவத்துல இருந்த ஆளே பேசுறாரு, இத எந்த பேப்பர்ல படிப்பீங்க?

(திரையில்: ஹேக்கர் நியூஸ் முகப்பு)

ஹேக்கர் நியூஸ், 2007ல, ஸ்டார்ட்அப்புக்கு காசு போடுற ஒய் காம்பினேட்டர் கம்பெனி பால் கிரஹாம் ஆரம்பிச்சது. படம் கிடையாது, வெறும் லிங்க்தான். கமென்ட்ட டவுன்வோட் பண்ணி கீழ தள்ளணும்னா 500 கர்மா, அதாவது மத்தவங்க ஓட்டுல சேத்த பாயின்ட், வேணும், அதனால புதுசா வந்தவன் உடனே யாரையும் அமுக்க முடியாது. ஆனா ஸ்டார்ட்அப் வாடை ஜாஸ்தி, நம்ம ஊரு விஷயம் மேல ஏறுறது கஷ்டம்.

ரெடிட்ல பெரிய டெக்னாலஜி சப்ரெடிட் (ஒரு விஷயத்துக்குனு இருக்குற தனி குழு) எனக்கு புடிக்கல, பாதி பேரு தலைப்ப மட்டும் பாத்துட்டு கோவப்படுறாங்க. வீட்லயே சர்வர் வெச்சிக்கிறவங்க கூடுற ஹோம்லேப், செல்ஃப்ஹோஸ்டட் மாதிரி சின்ன இடம்தான் தங்கம், பழைய லேப்டாப்ப சர்வராக்குறது எப்டினு கேட்டா ஒக்காந்து சொல்லித் தர்றாங்க. வெளி ஆப்புங்க ரெடிட்டோட பேசுற வழியான ஏபிஐக்கு காசுனு ரெடிட் கம்பெனி சொன்னதால, 2023 ஜூன்ல ஆயிரக்கணக்கான சப்ரெடிட்ட மூடி போராடுனாங்க, அப்பவும் கம்பெனி எறங்கி வரல, ரெடிட் படிக்கிறதுக்குனு இருந்த அப்போலோ ஆப்பே போயிடுச்சு. நாம கட்டுன கூட்டம்னாலும் சாவி வேற ஒருத்தர் கைலதான்.

ஸ்லாஷ்டாட்னு ஒரு டெக் நியூஸ் சைட்டு, 1997லேந்து இருக்கு. கமென்ட்டுக்கு -1லேந்து 5 வரைக்கும் மார்க் போடுறத கொண்டாந்ததே அவங்கதான்னு சொல்லலாம், இப்ப கூட்டம் கம்மி.

லாப்ஸ்டர்ஸ், ஹேக்கர் நியூஸ் மாதிரியே ஒரு லிங்க் சைட்டு, 2012ல வந்தது. படிக்கிறது யாரும் படிக்கலாம், எழுதணும்னா உள்ள இருக்கறவங்க இன்வைட் பண்ணணும். நம்ம ஏரியா கேரம் கிளப்புல தெரிஞ்சவங்க கூட்டினு போனாத்தான போர்டுல ஒக்கார முடியும், அதே மாதிரி. யாரு யார கூட்டினு வந்தாங்கன்றது எல்லாருக்கும் தெரியும், அதனால வாய தொறக்கும்போதே ஒரு பொறுப்பு இருக்கு.

தம்பி, நெட்வொர்க்கிங் படிக்கிறேன்னு சொன்ன இல்ல, நீ ஹோம்லேப்ல ஆரம்பி. அந்த எக்ஸ்இசட் த்ரெட்டையும் ஒருநாள் பொறுமையா படி, புரியாத வார்த்தைய கீழ போடு, ஒன்னொன்னா பாத்துக்கலாம்.