மவுண்ட் ஆபர்ன்: நிலமே கட்டடமான கல்லறைத் தோட்டம்

வானொலி நேயர்களுக்கு என் வணக்கம்.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் இறந்தவர்களை அடக்கம் செய்ய இடம் போதவில்லை. தேவாலயங்களுக்கு அடியில் இருந்த நிலவறைகளிலும், வீடுகளுக்கு நடுவே நெருங்கிக் கிடந்த சிறு இடுகாடுகளிலும் ஒருவர்மீது ஒருவராகப் புதைத்துவந்தார்கள். மருத்துவரும் தாவரவியல் அறிஞருமான ஜேக்கப் பிகலோ, இவ்வழக்கம் உயிரோடிருப்பவர்களின் உடல்நலத்துக்குக் கேடு என்று கண்டதோடு, இறந்தவர்களுக்குச் செய்யும் அவமரியாதை என்றும் கருதி, நகருக்கு வெளியே மரங்கள் சூழ்ந்த கல்லறைத் தோட்டம் ஒன்றை அமைக்கலாம் என்று 1825இல் நண்பர்களிடம் எடுத்துரைத்தார். பாரிஸ் நகரில் 1804இல் திறக்கப்பட்ட பேர் லஷேஸ் கல்லறைத் தோட்டம் அவர்களுக்கு முன்மாதிரியாக இருந்தது. மாசசூசெட்ஸ் தோட்டக்கலைச் சங்கத்தின் துணையோடு, கேம்பிரிட்ஜ், வாட்டர்டவுன் என்னும் ஊர்களின் எல்லையில் ஏறத்தாழ 72 ஏக்கர் நிலம் வாங்கப்பட்டு, 1831 செப்டம்பரில் மவுண்ட் ஆபர்ன் கல்லறைத் தோட்டம் தொடங்கப்பெற்றது. தொடக்க விழாவுக்கு மேடையோ மண்டபமோ கட்டவில்லை. இயற்கையாகவே அரங்குபோல் அமைந்திருந்த ஒரு பள்ளத்தின் சரிவுகளில் மக்கள் அமர்ந்திருக்க, அமெரிக்க உச்சநீதிமன்ற நீதிபதி ஜோசப் ஸ்டோரி உரையாற்றினார்.

மவுண்ட் ஆபர்னின் முதன்மையான கட்டடம் அதன் நிலமே என்பது என் கருத்து. நிலத்தைச் சமன்செய்து கட்டம் கட்டமாகப் பிரிக்காமல், தோட்டக்கலைச் சங்கத்தின் தலைவர் ஹென்றி டியர்பார்ன் அதன் மேடுபள்ளங்களைத் தழுவிச் செல்லும் வளைந்த பாதைகளை வகுத்தார். அப்பாதைகள் பலவற்றுக்கு மரங்களின் பெயர்களும் பூக்களின் பெயர்களும் சூட்டப்பட்டன. நடப்பவரின் பார்வை சற்றுத் தொலைவிலேயே வளைவில் மறைந்துவிடுவதால், ஒரு கல்லறையைக் கண்டு முடித்த பின்னரே அடுத்தது தென்படுகிறது. ஆயிரக்கணக்கான கல்லறைகள் இருந்தும் அங்கே நெருக்கடி தோன்றாததற்கு இதுவே காரணம்.

அதன் வாயில் எகிப்தியப் பாணியில், சிறகு விரித்த வட்டத்தை நெற்றியில் தாங்கி நிற்கிறது. முதலில் மரத்தால் செய்து கல்லைப்போல் தோற்றமளிக்க வைக்கப்பட்டிருந்த அவ்வாயில், பின்னர் 1840களில் கருங்கல்லால் எழுப்பப்பட்டது. மண் மண்ணுக்கே திரும்பும் என்னும் விவிலிய வாசகம் அதில் பொறிக்கப்பட்டுள்ளது. கிறித்தவர்களின் அடக்கத் தலத்துக்கு எகிப்தின் வடிவம் எதற்கு என்று அக்காலத்தில் சிலர் குறைகூறியதும் உண்டு. உள்ளேயோ கிரேக்கத் தூண்களும் சதுரத் தூபிகளும் கூர்முனை வளைவுகள் கொண்ட கோதிக் பாணித் தேவாலயமும் ஒன்றுக்கொன்று இடையூறின்றி நிற்கின்றன. கடற்பயணக் கணிதத்தில் புகழ்பெற்ற நத்தானியேல் பௌடிச்சின் வெண்கலச் சிலையும் இங்கேதான் இருக்கிறது. தோட்டத்தின் மிக உயரமான குன்றின்மீது, பிகலோ வடிவமைத்த 62 அடி உயரமுள்ள வாஷிங்டன் கோபுரம் 1850களில் கட்டப்பட்டது.

இவை அனைத்திலும் என் நெஞ்சை மிகவும் தொட்டது, தேவாலயத்துக்கு எதிரே அமர்ந்திருக்கும் ஸ்பிங்க்ஸ் சிலை. அமெரிக்க உள்நாட்டுப் போரில், பிரிந்துபோக முயன்ற தென் மாநிலங்களை எதிர்த்து, ஒன்றியத்துக்காக, அதாவது நாடு பிளவுபடாமல் இருப்பதற்காக, உயிர்நீத்தவர்களின் நினைவாக, ஏறத்தாழ 85 வயதை எட்டியிருந்த பிகலோ, மார்ட்டின் மில்மோர் என்னும் சிற்பியைக் கொண்டு 1872இல் அதை நிறுவினார். சிங்க உடலும் பெண் முகமும் கொண்ட அச்சிலையின் தலையணியில் அமெரிக்கக் கழுகு இருக்கிறது. ஒன்றியம் காக்கப்பட்டதையும் ஆப்பிரிக்கர்களின் அடிமைத்தளை அழிக்கப்பட்டதையும் அதன் பீடம் அறிவிக்கிறது. போர்வீரனின் உருவத்தையோ வாளையோ காட்டாமல் போரின் பொருளை இவ்வளவு அழுத்தமாகச் சொன்ன நினைவுச்சின்னங்கள் குறைவு. அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்து தம் வரலாற்றைத் தாமே எழுதிய ஹேரியட் ஜேக்கப்ஸ் அம்மையாரும் அதே தோட்டத்தில்தான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்.

அமெரிக்க நகரங்களில் பெரிய பொதுப் பூங்காக்கள் இல்லாத அக்காலத்தில், உறவினர் எவரும் அங்கே அடக்கமாகாதவர்கள்கூட மவுண்ட் ஆபர்னுக்குக் கூட்டங்கூட்டமாக வந்தார்கள். மக்கள் இவ்வளவு விரும்பிக் கல்லறைத் தோட்டங்களை நாடுகிறார்கள் என்றால், அவர்களுக்கெனத் தனிப் பூங்காக்கள் அமைப்பதே முறை என்று தோட்டக்கலை எழுத்தாளர் ஆண்ட்ரூ ஜாக்சன் டௌனிங் வாதாடினார். நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் போன்ற பூங்காக்களுக்கு வழிகோலியவற்றுள் இந்த வாதமும் ஒன்று. மவுண்ட் ஆபர்னில் இன்றும் அடக்கங்கள் நடைபெறுகின்றன. வசந்த காலத்தில் வலசை வரும் பறவைகளைக் காண்பதற்காகவே விடியலில் அங்கு வருவோரும் பலர். நன்றி, வணக்கம்.