அடைத்த பாதையைப் புற்றுநோய் செல் எப்படிச் சுற்றிப் போகிறது?

[திரை: செல் சவ்வு, அதில் நிற்கும் ஏற்பிகள்]

மார்பகப் புற்றுநோயில், செல்லை வளரச் சொல்லும் சிக்னலை அடைக்கும் மருந்துகள் பல. நாம் ஒரே ஒரு பாதையைப் பார்ப்போம்: பிஐ3கே, ஏகேடி, எம்டார். மூன்றும் செல்லுக்குள் இருக்கும் நொதிகள்; சிக்னலை இந்த வரிசையில் மேலிருந்து கீழே கைமாற்றும்.

செல்லை வளரத் தூண்டும் வளர்ச்சிக் காரணி, சவ்வில் அதைப் பிடிக்கும் ஏற்பியில் வந்து ஒட்டியதும் பிஐ3கே நொதி வேலையைத் தொடங்கும். சவ்வில் இருக்கும் பிஐபி2 என்ற கொழுப்பில் ஒரு பாஸ்பேட்டை ஏற்றி, பிஐபி3 ஆக்கும். அதைப் பிடித்துக்கொண்டு ஏகேடி சவ்வுக்கு வந்து உயிர்பெறும். பிடென் என்ற புரதம் அந்தப் பாஸ்பேட்டைக் கழற்றிவிடும், பிரேக் இதுதான்.

[திரை: திசுவிலிருந்து கழன்று மிதக்கும் செல்]

தன் இடத்தை விட்டுக் கழன்ற செல் வழக்கமாகச் செத்துப்போகும். ஏகேடி ஓயாமல் ஓடினால் சாகாது. புற்றுநோய் பரவ இது பெரிய சௌகரியம்.

ஹார்மோன் ஏற்பி உள்ள மார்பகப் புற்றுநோய்களில் சுமார் 40 சதவீதத்தில் பிஐ3கேயை உருவாக்கும் பிஐகே3சிஏ மரபணு பிறழ்ந்திருக்கும். அதாவது பிஐ3கே சுவிட்ச் போட்டது போட்டபடி நிற்கும். அதை அடைக்கத்தான் அல்பெலிசிப் மாத்திரை; 2019இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. வழக்கமான அளவு தினம் ஒரு வேளை 300 மில்லிகிராம், சாப்பாட்டோடு, ஈஸ்ட்ரோஜன் ஏற்பியை முடக்கும் ஃபுல்வெஸ்ட்ரன்ட் ஊசியுடன் சேர்த்து. கட்டியிலோ ரத்தத்திலோ பிறழ்வு இருப்பது உறுதியான பிறகே தருவார்கள்.

[திரை: தசை செல், இன்சுலின், குளுக்கோஸ்]

சிக்கல் இங்கே. இன்சுலினும் இதே பாதையில்தான் பேசுகிறது. பாதையை அடைத்தால் தசை சர்க்கரையை இழுக்காது. கல்லீரல் சர்க்கரையை வெளியே விடும். ரத்தச் சர்க்கரை ஏறும், கணையம் இன்னும் இன்சுலினைக் கொட்டும். அந்த இன்சுலினே கட்டியில் பிஐ3கேயை மறுபடி தட்டி எழுப்பலாம். அதனால்தான் மருந்துக்கு முன்பே வெறும் வயிற்றுச் சர்க்கரை, எச்பிஏ1சி (சில மாதச் சராசரிச் சர்க்கரை) இரண்டையும் பார்ப்பார்கள். சர்க்கரை ஏறினால் முதலில் மெட்ஃபார்மின் மாத்திரை, இன்சுலின் ஊசி கடைசியில்தான்.

கீழே எம்டாரை அடைத்தால்? எவரோலிமஸ் என்ற மருந்து அதைத்தான் செய்கிறது. ஆனால் எம்டார், மேலே வரும் சிக்னலைக் கொஞ்சம் அடக்கியும் வைத்திருந்தது. அந்தப் பிடி விட்டதும் ஏகேடி துள்ளும். வாய்ப்புண் வேறு வரும். டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கரைசல் 10 மில்லியை 2 நிமிடம் கொப்பளித்துத் துப்பினால், தினம் 4 முறை, பெருமளவு தடுக்கலாம்.

[திரை: பிடென் மறைகிறது]

அல்பெலிசிப்புக்குப் பழகிய சில கட்டிகள் பிடெனையே தொலைத்துவிடுகின்றன. அப்போது இந்த மருந்து தொடாத பீட்டா வகை பிஐ3கே, பிஐபி3 ஆக்கும் வேலையை எடுத்துக்கொள்ளும். மேலே அடைத்துப் பயனில்லை. ஏகேடியிலேயே கை வைக்க வேண்டும். 2023இல் வந்த கபிவாசெர்டிப் அதற்கானது: 400 மில்லிகிராம் இரு வேளை, 4 நாள் மாத்திரை, 3 நாள் இடைவெளி. ஏகேடியை நம்பித்தான் நல்ல செல்களும் இருக்கின்றன. அந்த 3 நாள் அவற்றுக்கு.