பக்கத்து வீட்டு பால்கனியும் நம் கொல்லைப்புறமும்: ஒரு சந்தேகத்துக்கு விளக்கம்

இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்றை மட்டும் இரண்டு மூன்று முறை படித்தேன். மதுரையிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். வீட்டுக்குப் பின்னால் 25 அடி அகலம், 20 அடி நீளத்துக்கு மண் தரை. ஒரு கிணறு, துவைக்கிற கல், ஒரு முருங்கை. பின்னாலிருந்த காலி மனையில் இப்போது மாடி வீடு வந்துவிட்டது. அதன் பால்கனி இவர்கள் கொல்லையைப் பார்த்தே நிற்கிறது. மதிலைப் பத்தடிக்கு உயர்த்தலாமா, இல்லை நர்சரியில் சொன்னபடி கோனோகார்ப்பஸ் வரிசையாக வைத்துவிடலாமா என்று கேட்கிறார். கடைசியில், "அம்மா இப்போதெல்லாம் சாயங்காலம் பின்பக்கம் வருவதே இல்லை" என்று ஒரு வரி. அந்த வரிதான் என்னை விடவில்லை.

மரத்தை முதலில் முடித்துவிடுகிறேன். கோனோகார்ப்பஸ் வேண்டாம். சீக்கிரம் வளரும், சுவர் மாதிரி அடர்ந்து நிற்கும், உண்மைதான். ஆனால் வேர் தண்ணீர்க் குழாயையும் சாக்கடையையும் தேடிப் போகும். மகரந்தம் சிலருக்கு ஒவ்வாது. குஜராத் 2023இல் இதை நடத் தடை போட்டது, தமிழ்நாட்டிலும் 2025இல் தடை வந்துவிட்டது. பக்கத்திலேயே கிணறு வேறு இருக்கிறது. யோசிக்கவே வேண்டாம்.

சரி, மதில். மொட்டைமாடித் தோட்டம் பற்றிப் பேசியபோது நான் சொன்னது பழைய நேயர்களுக்கு நினைவிருக்கும்: முதலில் நாற்காலி, அப்புறம் செடி. இங்கேயும் அதேதான். அம்மா எப்போதும் உட்காரும் இடத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்காருங்கள். பால்கனியைப் பாருங்கள். அங்கே நிற்பவரின் கண் தரையிலிருந்து ஏறக்குறைய 16 அடி உயரத்தில் இருக்கும். உட்கார்ந்திருக்கும் உங்கள் தலை 4 அடி. மதிலிலிருந்து நாற்காலி 15 அடி, பால்கனி மதிலுக்கு அந்தப் பக்கம் 5 அடி என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பார்வையை மதிலில் வைத்து மறைக்க 13 அடி உயரம் வேண்டும். நீங்கள் நினைத்த பத்தடி போதாது. பழைய மதிலின் அஸ்திவாரம் அந்த உயரத்தைத் தாங்காது, மேலே தகரம் அடித்தால் ஆடிக்காற்று பிய்த்துக்கொண்டு போய்விடும். காற்றும் நின்று, வெயிலில் கொல்லையே அனலாகிவிடும்.

அதே மறைப்பை நாற்காலிக்கு மூன்றடி முன்னால் கொண்டுவந்தால்? ஆறடி உயரம் போதும்! ஒரு மருதாணிப் புதரே அதைச் செய்துவிடும். மறைவு மதிலில் இல்லை, நாம் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காத விஷயம் இது.

இன்னும் ஒரு படி மேலே போகலாம். தலைக்கு மேல், தரையிலிருந்து ஏழரை அடி உயரத்தில் ஒரு பந்தல் போடுங்கள். அது நாற்காலியிலிருந்து பால்கனிப் பக்கம் ஆறடி நீண்டிருந்தால் அங்கிருந்து பார்ப்பவருக்கு உங்கள் தலை தெரியாது. நாளைக்கு அவர்கள் இரண்டாம் மாடி கட்டினால்? மதில் 20 அடிக்கு மேல் போக வேண்டும். பந்தலோ மூன்றரை அடி நீண்டிருந்தாலே போதும். பார்க்கிறவர் மேலே போகப் போக மதில் தோற்கும், பந்தல் ஜெயிக்கும்.

இதை நான் கணக்குப் போட்டுக் கற்கவில்லை. தஞ்சாவூர்ப் பக்கம் எங்கள் அத்தை வீடு. தெருவில் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், கொல்லை ஒடுங்கி நீண்டு போகும். கிணற்றடியில் ஒரு அவரைப் பந்தல். மத்தியானம் பெண்கள் அதன் கீழ்தான் அரிசி புடைப்பார்கள், தலை காய வைப்பார்கள். ஒருநாள் அறுந்துபோன பட்டத்தை எடுக்கப் பக்கத்து வீட்டு மொட்டைமாடிக்கு ஏறினேன். அத்தை பேசுவது தெளிவாகக் கேட்கிறது. சிரிப்பது கேட்கிறது. ஆள் தெரியவில்லை! கீழே ஒரே பச்சை, நடுவில் அவரைப் பூ. இரண்டு கொல்லைக்கும் நடுவே இருந்த மதில் என் நெஞ்சு உயரம்கூட இல்லை.

பந்தலில் என்ன ஏற்றுவது? அவரை அழகுதான், ஆனால் ஆடியில் விதைத்தால் மாசி, பங்குனியில் காய்ந்துவிடும். வெளியே உட்காரத் தோன்றும் கோடையில் பந்தல் மொட்டையாக நிற்கும். அதனால் ஒரு பக்கம் கோவைக்கொடி வையுங்கள். தண்டை ஒடித்து நட்டாலே வரும், வருடக்கணக்கில் இருக்கும். இன்னொரு பக்கம் முல்லை. அது நிதானமாகத்தான் ஏறும், அதுவரை புடலை இரண்டு மாதத்தில் இடத்தை மூடிக்கொடுக்கும். கால்களுக்கு இரும்புக் குழாய் போதும், மேலே கம்பி வலை.

துவைக்கிற கல் பக்கம் வாழை. துவைக்கிற தண்ணீர் அப்படியே பாயும், ஆறு மாதத்தில் ஆள் உயரத்தைத் தாண்டிவிடும். ஓரமாகப் புதர் வேண்டுமென்றால் நொச்சி, ஆடாதொடை, மருதாணி, ஒன்றரை அடிக்கு ஒன்று. கொங்குப் பக்கத்து நேயர்கள் கிளுவை வேலி ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். நல்ல வேலிதான், ஆனால் வறட்சியில் இலை உதிர்த்துவிடும், மறைவுக்கு உதவாது. இரவில் பந்தலுக்கு அடியில் பெரிய பல்பு போடாதீர்கள், முழங்கால் உயரத்தில் சின்ன விளக்கு போதும்.

கேஸ் போடலாமா என்று வழக்கம்போல் சிலர் கேட்பீர்கள். 1882ஆம் வருடத்து வசதியுரிமைச் சட்டத்தின் 18ஆம் பிரிவில் இது இருக்கிறது. அடுத்தவர் அந்தரங்கம் கெடும்படி புது ஜன்னல் வைக்கக் கூடாது என்ற வழக்கம் ஓர் ஊரில் இருந்தால், அங்கே அது உரிமை. 1888இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் அப்படியொரு உரிமையை ஏற்றது. ஆனால் உங்கள் ஊரில் அப்படி ஒரு வழக்கம் இருப்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். அந்தச் செலவில் பத்துப் பந்தல் போடலாம்.

எதை மறைக்கலாம் என்று கேட்டீர்கள். எதைத் திறந்து வைக்கலாம் என்று கேட்டிருந்தால் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன். அத்தை வீட்டு மதிலில் கிணற்றடிப் பக்கம் இரண்டு முழத்துக்குச் செடியே இருக்காது. முருங்கைக்காய் அந்த வழியாகப் போகும், மோர் அந்த வழியாக வரும். அத்தைக்குப் பேசத் தோன்றினால் பந்தலை விட்டு எழுந்து அங்கே போய் நிற்பாள். தோன்றாதபோது பந்தலுக்குள் இருப்பாள். யார் தன்னைப் பார்க்கலாம் என்பது அவள் கையில் இருந்தது. உங்கள் அம்மாவிடமிருந்து போனது அதுதான் என்று நினைக்கிறேன்.

அதனால் சகோதரி, பந்தல்கால் நடும் முன்னால் அம்மாவையே அழைத்துவந்து நாற்காலி எங்கே இருக்க வேண்டும் என்று கேளுங்கள். எந்தப் பக்கம் திறந்திருக்க வேண்டும் என்பதையும் அவர் சொல்லட்டும். அங்கிருந்து பால்கனியை ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், எத்தனை அடி நீளம் வேண்டும் என்று அடுத்த வாரம் அளந்து சொல்கிறேன்.